உதிராத முடியும் ஓயாத கையும்: பூடில் நாயின் வரலாற்றில் மறைந்துபோன ஓர் உழைப்பு

நாய்க்குட்டி விற்பனை விளம்பரங்களில் இன்று அடிக்கடி காணப்படும் தொடர்களுள் ஒன்று ‘முடி உதிராது’ என்பது. பூடில், மால்டீஸ், ஷிட்சு, லாசா அப்சோ ஆகிய இனங்களும், பூடிலோடு பிற இனங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினங்களும் இத்தொடரைத் தாங்கியே சந்தைக்கு வருகின்றன. வாங்குவோர் இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். ஒன்று, வீட்டுத் தரையிலும் மெத்தையிலும் முடி சேராது. மற்றொன்று, நாயைப் பேணும் வேலை குறையும். முதல் முடிவு பெரும்பாலும் சரியானது. இரண்டாவது முடிவு நேர்மாறானது. உதிராத முடி கொண்ட நாய்க்கு மனிதக் கை பிற நாய்களுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நான்கரை நூற்றாண்டுகளாக எழுத்தில் பதிவாகியிருக்கும் இவ்வுண்மை, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு மறக்கப்பட்டது என்பது ஆராயத்தக்க ஒரு சமூக வரலாறாகும்.

உடலியல் அடிப்படை

நாயின் மயிர்க்கால் ஒவ்வொன்றும் வளர்ச்சி, தேய்வு, ஓய்வு ஆகிய நிலைகளைச் சுழற்சியாகக் கடக்கிறது. ஓய்வு நிலை முடிந்ததும் பழைய முடி விழுந்து புதிய முடி தோன்றுகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்களில் வளர்ச்சி நிலை குறுகியது. முடி ஓரளவு நீண்டதும் நின்றுவிடும். பருவம் மாறுகையில் கொத்துக் கொத்தாக உதிரும். பூடிலில் வளர்ச்சி நிலை மிக நீண்டது. மனிதத் தலைமுடியைப் போல அது வெட்டப்படும்வரை வளர்ந்துகொண்டே செல்லும்.

ஆயினும் ‘உதிராது’ என்ற சொல் முழு உண்மையன்று. பூடிலின் முடியும் சிறிதளவு உதிரவே செய்கிறது. உதிர்ந்த முடி கீழே விழாமல் அருகிலுள்ள சுருள்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதே வேறுபாடு. தங்கிய முடி உயிருள்ள முடியோடு பின்னிச் சிக்காகிறது. சிக்கு இறுகிச் சடையாகிறது. காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டை உராயும் இடம் ஆகியவற்றில் இது முதலில் தொடங்கும். மேற்பரப்பு பஞ்சுபோல் அழகாகத் தோன்ற, அடியில் தோலை ஒட்டி ஒரு கம்பளி விரிப்பே உருவாகியிருக்கக்கூடும். அதனடியில் ஈரம் தேங்குகிறது, தோல் புண்ணாகிறது, உண்ணியும் தெள்ளும் ஒளிந்துகொள்கின்றன. நாய் அசையும்போதெல்லாம் சடை தோலை இழுக்கிறது. கடுமையான நிலையில் காலைச் சுற்றி இறுகிய சடை இரத்தவோட்டத்தையே தடுக்கும்.

ஆகவேதான் பல் நெருங்கிய சீப்பைக் கொண்டு முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல்வரை வாருதல் இந்நாய்களுக்கு இன்றியமையாததாகிறது. நீளமாக வளர்க்கப்பட்ட முடிக்கு இது நாள்தோறும் வேண்டும். குட்டையாக வெட்டப்பட்ட முடிக்கு வாரத்தில் சில முறையேனும் வேண்டும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டவும் வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுக்க வேண்டும். நனைந்து உலர்ந்த சிக்கு மேலும் இறுகிவிடும். குட்டியின் மென்முடி மாறி முதிர்முடி தோன்றும் மாதங்களில், ஏறத்தாழ ஓராண்டு நிறைவை ஒட்டி, சிக்கு விழுவது பன்மடங்கு பெருகுகிறது. குட்டிப் பருவத்தில் சிக்கலின்றி இருந்த நாய் திடீரெனச் சடைபிடித்துப் போனதாக உரிமையாளர்கள் வியப்பது இந்தக் காலத்தில்தான்.

நீரில் இறங்கிய நாய்

பூடில் இன்று வரவேற்பறையின் நாயாகக் கருதப்பட்டாலும், அதன் தொடக்கம் சதுப்பு நிலத்திலும் ஏரிக்கரையிலும் அமைந்தது. ‘பூடில்’ என்ற சொல் நீரில் துழாவுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பிரெஞ்சுப் பெயரான ‘கனீஷ்’ வாத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. சுட்டு வீழ்த்திய வாத்தையும் குறி தவறி நீரில் விழுந்த அம்பையும் மீட்டுவருவதே இவ்வகை நீர்நாய்களின் தொழில். அடர்ந்த சுருள்முடி குளிரிலிருந்து காத்தது. அதே முடி நீரை உறிஞ்சிக் கனத்து நீச்சலைத் தடுக்கவும் செய்தது. இந்த முரண்பாட்டிலிருந்தே முடிவெட்டும் வழக்கம் பிறந்தது.

ஆங்கில மருத்துவர் ஜான் கேயஸ், சுவிட்சர்லாந்து இயற்கையியலறிஞர் கான்ராட் கெஸ்னருக்காக எழுதி 1570இல் இலத்தீனில் வெளியிட்ட நாய்கள் பற்றிய சிறுநூல், 1576இல் ஏபிரகாம் ஃபிளெமிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. அதில் நீர்நாயைப் பற்றிய பகுதியில், இந்நாய்க்கு நீண்ட சுருள்முடி இயற்கையிலேயே அமைந்தது என்று கூறும் கேயஸ், தோளிலிருந்து பின்னங்கால்வரை முடி கத்தரித்த நிலையிலேயே அதை வருணிக்கிறார். வழக்கம் அதுவாக இருந்ததும், மிகையான முடியை நீக்கினால் நாய் இலகுவாக நீந்தும் என்பதும் அவர் தரும் காரணங்கள். பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தரிக்கப்படாத நீர்நாயைவிடக் கத்தரிக்கப்பட்ட நீர்நாயே இயல்பான காட்சியாக இருந்தது என்பதை இக்குறிப்பு காட்டுகிறது.

1621இல் ஜெர்வாஸ் மார்க்கம் எழுதிய பறவை வேட்டை நூல் இன்னும் நுட்பமானது. தொப்புளிலிருந்து பின்புறமாக முடியைக் கத்தரிப்பதை அவர் கோடைக்காகவும் நீச்சலுக்காகவும் ஏற்றுக்கொள்கிறார். வெயிலில் உழைக்கும் நாய்க்கு அடர்முடி சோர்வைத் தரும், சூடேறிச் சொறி பிடிக்க வழிசெய்யும் என்று காரணமும் கூறுகிறார். ஆனால் கால் முதல் மூக்குவரை முழுவதுமாக மழித்துவிடுவதை அவர் உறுதியாக மறுக்கிறார். முழுமழிப்பு, இயற்கை அளித்த காப்பைப் பறித்து, உடலைக் குளிருக்கு அஞ்சுவதாக்கி, இறுதியில் நாய் நீரையே வெறுக்கும்படி செய்துவிடும் என்பது அவர் கருத்து. எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது, எங்கே நிறுத்துவது ஆகிய மூன்றும் நாயின் வேலையையும் உடல்நலத்தையும் பொறுத்தே இங்கு முடிவு செய்யப்படுகின்றன. அழகு பற்றிய பேச்சு பின்னர் வந்தது.

போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வ் பகுதி மீனவர்களின் நீர்நாயும் இதே வகையில் பின்பகுதி மழிக்கப்பட்டு, முன்பகுதி நீண்ட முடியோடு விடப்பட்டது. ‘சிங்க வெட்டு’ என்று இன்றும் அழைக்கப்படும் இவ்வடிவம் முதலில் ஒரு தொழிற்கருவியின் வடிவமைப்பே. பூடிலின் மூட்டுகளில் விடப்படும் உருண்டை முடிக்கும் மூட்டுகளைக் குளிரிலிருந்து காத்தல் என்ற விளக்கமே பரவலாகச் சொல்லப்படுகிறது.

பாலத்தடியின் தொழில்

வேட்டைக்களத்திலிருந்து நகரத்துக்குள் வந்தபோது பூடில் தன் வேலையை இழந்தது, முடியை இழக்கவில்லை. ஆகவே முடிவெட்டும் தேவை நகரத்துக்குள் தனித் தொழிலாக உருவெடுத்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில், குறிப்பாக போன்னெஃப் பாலத்தை ஒட்டிய செய்ன் ஆற்றங்கரையில், நாய்முடி வெட்டுவோர் கடை விரித்திருந்தனர். தெருத் தொழில்களைச் சித்திரித்த அக்காலப் படங்களில் ஆண்களோடு பெண்களும் இத்தொழிலில் இருப்பதைக் காணலாம். நாயை மடியில் கிடத்தி, கத்தரிக்கோலால் வெட்டி, ஆற்றுநீரில் கழுவித் திருப்பித் தருவது அவர்கள் பணி. பூனைகளுக்குக் காயடிக்கும் வேலையையும் இவர்களே சேர்த்துச் செய்தனர். காலணி துடைப்போரின் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட கடைநிலைத் தெருத் தொழில் இது.

இவ்விடத்தில் ஒரு முரண் கவனத்துக்குரியது. பூடில் செல்வத்தின் அடையாளமாக மாறிய அதே காலத்தில், அதன் தோற்றத்தை நிலைநிறுத்திய உழைப்பு நகரத்தின் கடைநிலை உழைப்பாகவே எண்ணப்பட்டது. ஓவியங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் நாயின் பெயரும் உரிமையாளரின் பெயரும் கிடைக்கின்றன. கத்தரிக்கோல் பிடித்தவரின் பெயர் கிடைப்பது அரிது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம்: தொழில் கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தைக் கடந்த எவருக்கும், இந்நாய்க்குத் தொடர்ந்து முடிவெட்ட வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலி தர வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கயிறாகத் தொங்கிய முடி

இங்கிலாந்தில் 1873இல் கென்னல் கிளப் தோன்றியது. நாய்க் கண்காட்சிகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூடிலின் முடியை வைத்தே இரு பிரிவுகள் பேசப்பட்டன. ஒன்று, வாரிப் பஞ்சுபோல் நிறுத்திய முடி. மற்றொன்று, வாராமல் விட்டு, பிரித்துத் திரித்துக் கயிறு கயிறாகத் தொங்கவிட்ட முடி. தரையைத் தொடும் அளவுக்குக் கயிறுகள் நீண்ட நாய்கள் பரிசுகளைப் பெற்றன.

கயிறுமுடி என்பது கவனிக்காமல் விடப்பட்ட முடியன்று. சுருள்முடியை அதன் போக்கில் விட்டால் அது ஒழுங்கான கயிறாகாது; தோலோடு ஒட்டிய ஒரே கட்டியாகத்தான் மாறும். ஒவ்வொரு கயிற்றையும் வேர்வரை விரலால் பிரித்துக் காக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டும், நீண்ட கயிறுகளைத் துணியால் முடிந்து வைக்க வேண்டும். குளிப்பாட்டினால் எளிதில் உலராது. உலராவிட்டால் பூஞ்சை நாற்றம் எழும். வீட்டினுள் வைத்துக்கொள்ள இயலாத நாய் என்ற பெயரை அது பெற்றமைக்கு இந்நாற்றமும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிறுமுடிப் பூடில் வழக்கொழிந்தது. ஹங்கேரியின் பூலி, கொமொண்டோர் போன்ற இனங்களில் அவ்வடிவம் இன்றும் பேணப்படுகிறது. அவற்றை வளர்ப்போர் கயிறு பிரிப்பதற்குச் செலவிடும் நேரம், ‘வாராமல் விட்டாலும் ஆகும்’ என்ற எண்ணத்துக்கு நேரடி மறுப்பாகும்.

மின்கருவியும் அழகுநிலையமும்

இருபதாம் நூற்றாண்டில் கருவி மாறியது. அமெரிக்காவில் லியோ வால் மின்சார முடிவெட்டுக் கருவிக்கு 1921இல் காப்புரிமை பெற்றார். மனிதர்களுக்கான இக்கருவியின் வகைகள் விலங்குகளுக்கும் வந்தபோது, மணிக்கணக்கில் நீண்ட வேலை சுருங்கியது. 1960 முதல் 1982 வரை அமெரிக்கன் கென்னல் கிளப்பில் ஆண்டுதோறும் மிகுதியாகப் பதிவு செய்யப்பட்ட இனம் பூடிலே. நாய் அழகுநிலையம் என்னும் கடை வகை அமெரிக்க நகரங்களில் ஊன்றியதில் இந்த இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பாலத்தடியில் நடந்த வேலை கண்ணாடிக் கதவுக்குப் பின்னே சென்றது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒப்படைத்து, வெட்டி மணமூட்டப்பட்ட நாயைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவியது. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் செய்ய வேண்டிய வாருதலை இவ்வழக்கம் பலர் நினைவிலிருந்து அகற்றியது.

‘ஒவ்வாமை தராத நாய்’ என்ற கருத்து

முழு மறதிக்கு வழிசெய்தது வேறொரு நிகழ்வு. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் நிறுவனத்தில் இனப்பெருக்கப் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவரின் கோரிக்கையை எதிர்கொண்டார். அப்பெண்ணின் கணவருக்கு நாய்முடி ஒவ்வாமை இருந்தது. தகுந்த பூடில் கிடைக்காத நிலையில், கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். 1989இல் பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒரு குட்டி மட்டுமே அக்கணவருக்கு ஒவ்வாமை தரவில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளிடையே கூட இத்தன்மை சீராக அமையவில்லை என்பதே இதன் அறிவியல் பாடம். சந்தை எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ‘லாப்ரடூடில்’ என்ற பெயரும், ‘முடி உதிராது, ஒவ்வாமை தராது’ என்ற தொடரும் உலகெங்கும் பரவின. வணிக நோக்கில் பெருகிய கண்மூடித்தனமான கலப்பினப் பெருக்கத்தைக் கண்டு கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார். 

2009இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த எடுவார் காத்யூ, எலைன் ஆஸ்ட்ராண்டர் குழுவினரின் ஆய்வு, எண்பது இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பரிசோதித்து, தூயஇன நாய்களின் முடிவகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் சேர்க்கையால் விளக்கியது. எஃப்ஜிஎஃப்5 முடியின் நீளத்தையும், கேஆர்டி71 சுருளையும், ஆர்எஸ்பிஓ2 மீசை, புருவம் போன்ற முகமுடியையும் தீர்மானிக்கின்றன. இம்மரபணுக்கள் தனித்தனியே கடத்தப்படுவதால், கலப்பினக் குட்டி ஒன்றில் பூடிலின் நீண்ட சுருள்முடியும், லாப்ரடாரின் அடர்ந்த அடிமுடி உதிர்வும் ஒருங்கே அமையக்கூடும். அத்தகைய நாயில் உதிரும் அடிமுடி வெளியேற வழியின்றிச் சுருளில் சிக்கும். எளிதான நாய் என்று விற்கப்பட்டது இவ்வாறு மிகக் கடினமான நாயாக மாறுகிறது.

ஒவ்வாமை பற்றிய நம்பிக்கையும் ஆய்வில் நிற்கவில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் புரதமான கேன் எஃப் 1 நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் உள்ளது. முடி அதைச் சுமக்கும் ஊடகம் மட்டுமே. 2012இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், ஒவ்வாமை தராதவை எனப்பட்ட இனங்களின் முடி மாதிரிகளில் இப்புரதம் பிற இனங்களைவிடக் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. குளிப்பாட்டுதல் இப்புரதத்தைச் சில நாட்களுக்குக் குறைக்கும் என்பது அறியப்பட்டதே. எனவே ஒவ்வாமையுள்ள குடும்பத்துக்கு உதவக்கூடியது இனப்பெயரைவிடத் தொடர்ந்த பராமரிப்பு எனக் கொள்ள இடமுண்டு.

இந்தியச் சமவெளியில்

இந்தியாவுக்கு இவ்வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு. நீள்முடித் திபெத்திய நாய்கள் மேற்குலகுக்குச் சென்ற வழிகளுள் முக்கியமானது பிரித்தானிய இந்தியா. 1921 முதல் 1928 வரை சிக்கிமில் அரசியல் அதிகாரியாக இருந்த எஃப். எம். பெய்லி, 1928இல் லாசா அப்சோ நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். திபெத்திய டெரியர் இனத்தை மேற்கில் நிலைநிறுத்தியவராக அறியப்படும் மருத்துவர் ஆக்னஸ் கிரெய்க் 1920களில் இந்தியாவில் பணியாற்றியவர். குளிரும் வறட்சியும் மிகுந்த பீடபூமிக்கு ஏற்ற முடி, ஈரப்பதமும் வெப்பமும் நிறைந்த சமவெளிக்கு இவ்வழியே இறங்கிவந்தது.

காலனிய வீடுகளில் நாயைப் பேணத் தனியாள் இருந்தார். யூல், பர்னெல் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, நாய்க்காரரைக் குறிக்கும் ‘டோரியா’ என்ற சொல்லைப் பதிவு செய்திருக்கிறது. கயிற்றைக் குறிக்கும் ‘டோர்’ என்ற இந்துஸ்தானிச் சொல்லின் அடியாகப் பிறந்த சொல் அது. நாயினங்களின் வரலாறுகளில் பெய்லியும் கிரெய்க்கும் நிலைத்திருக்கிறார்கள். நாள்தோறும் நாயைக் கையிலெடுத்த டோரியாக்களின் பெயர்களை அங்கு தேடிக் காண்பது அரிது. போன்னெஃப் பாலத்தடியில் கண்ட அதே மறைவு இங்கும் தொடர்கிறது.

இன்றைய இந்திய நகரங்களில் லாசா அப்சோவும் ஷிட்சுவும் நடுத்தர வர்க்க அடுக்ககங்களின் நாய்கள். டோரியா இல்லை, அவர் செய்த வேலை மட்டும் இருக்கிறது. அவ்வேலை வீட்டுப் பெண்களிடமோ, வீட்டுப் பணியாளரிடமோ, நாய் அழகுநிலைய ஊழியரிடமோ சேர்கிறது. பல வீடுகளில் எவரிடமும் சேர்வதில்லை. முடி வெட்டுதலும் துணி வெளுத்தலும் சாதியோடு பிணைக்கப்பட்டு இழிவாக எண்ணப்பட்ட ஒரு சமூகத்தில், நாயின் முடியைக் கழுவி, சிக்கெடுத்து, வெட்டும் புதிய தொழிலுக்கு எவர் வருகிறார், என்ன கூலி பெறுகிறார், எவ்வாறு அழைக்கப்படுகிறார் என்பவை சமூகவியல் ஆய்வுக்குரிய கேள்விகள்.

சட்டமும் இவ்விடத்தில் தெளிவாக இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், போதிய உணவு, நீர், இருப்பிடம் தராத உரிமையாளரைக் குற்றத்துக்குள்ளாக்குகிறது. முடிப் பராமரிப்பை அது தனித்துக் குறிப்பிடவில்லை. வயிறு நிறைந்து, கூரையின் கீழ் படுத்து, சடைக்கடியில் தோல் புண்ணாகிக் கிடக்கும் நாய் பெரும்பாலும் எவர் கண்ணுக்கும் வதைக்குள்ளான விலங்காகத் தெரிவதில்லை. பலர் அதை ‘புசுபுசுவென்று’ அழகாக இருப்பதாகவே எண்ணுகிறார்கள்.

வேனில் தொடங்கியதும் மற்றொரு வழக்கம் காணப்படுகிறது. பல மாதங்கள் வாராமல் விட்ட முடியை ஒரே நாளில் தோல்வரை மழித்துவிடுகிறார்கள். இறுகிய சடையைச் சீப்பால் இழுத்துத் துன்புறுத்துவதைவிட மழிப்பதே இரக்கமுள்ள வழி என்பது உண்மை. ஆனால் அது தவறிய பராமரிப்புக்கான இறுதி மருந்து. ஆண்டுதோறும் நடக்கும் சடங்காக அது மாறக்கூடாது. மழித்த தோல் வெயிலில் எரியும். குறிப்பிட்ட அளவு முடியை விட்டு, அளவோடு வெட்டுவதே தகும். 1621இல் மார்க்கம் கோடைவெட்டை ஏற்று, முழுமழிப்பை மறுத்ததன் பொருள் இந்தியக் கோடையில் இன்னும் தெளிவாக விளங்குகிறது.

முடிவாக

ஓநாயின் முடி பருவந்தோறும் தானே உதிர்ந்து தானே வளர்கிறது. அதற்கு எவர் உதவியும் வேண்டியதில்லை. அத்திறனை மனிதர் தம் தேவைக்காகச் சில நாயினங்களிடமிருந்து தெரிவுமுறை இனப்பெருக்கத்தால் நீக்கினர். முதலில் நீரில் வேலை வாங்குவதற்காக, பின்னர் அழகுக்காக, இறுதியில் தரை தூய்மைக்காக அந்த முடி விரும்பப்பட்டது. நாய் இழந்த திறனுக்கு ஈடாக மனிதர் தரவேண்டியது சீப்பும் கத்தரியும் பிடித்த ஒரு கை. கேயஸின் காலத்து வேட்டைக்காரரும் பாரிஸ் பாலத்தடிப் பெண்ணும் அந்தக் கணக்கை அறிந்திருந்தனர். ‘முடி உதிராது’ என்று கூறி விற்பவர் அந்தக் கணக்கின் ஒரு பாதியை மறைக்கிறார். மறைக்கப்பட்ட பாதியை, பேசவியலாத ஓர் உயிர் தன் தோலில் சுமக்கிறது.